அல் பசினோ சுட்டால் நீதியா?

கேள்வி: 'ஹன்ட்டர்ஸ்' தொடர் பார்த்தீர்களா? வதைமுகாமிலிருந்து மீண்டவர்கள் நாஜிகளைத் தேடிப்பிடித்துத் தீர்த்துக்கட்டுகிறார்கள். கோர்ட், வாய்தா என்று அலைவதைவிட இதுதானே நீதி?

பதில்: பார்த்தேன். 1977 நியூயார்க், அல் பசினோ... நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் அதில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் கைதிகளைக் காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடி, வெட்டுப்பட்டவரைக் கொல்வதாக ஒரு காட்சி வருகிறதே, அது கற்பனை. ஆஷ்விட்ஸ் நினைவகமே அதை ஆபத்தான முட்டாள்தனம் என்று கண்டித்தது. நடந்த படுகொலையையே பொய் என்பவர்களுக்கு இப்படியா வெற்றிலை பாக்கு வைப்பது? தொடரை உருவாக்கிய டேவிட் வைலின் பாட்டி அந்த முகாமிலிருந்து மீண்டவர், அவர் நோக்கத்தில் குறையில்லை. அங்கே கைதிகளுக்குக் குத்திய எண்கள் 202499ஐத் தாண்டவில்லை; உண்மையான கைதி யாருடைய எண்ணும் பாத்திரங்களின் கையில் வந்துவிடக் கூடாதென்று அதற்கு மேற்பட்ட எண்களையே பச்சை குத்த வைத்தாராம். எண்ணில் காட்டிய கூச்சத்தைச் சம்பவத்திலும் காட்டியிருக்கலாம். பத்து லட்சம் பேருக்கு மேல் மாண்ட இடத்தில் கொடுமைக்கா பஞ்சம்?

சரி, நீதிக்கு வருவோம். பழிவாங்கப் புறப்பட்டவர்கள் நிஜத்திலும் உண்டு. 1946 ஏப்ரலில், ஜெர்மனியின் நியூரம்பெர்க் அருகே, ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்களை அடைத்திருந்த முகாமுக்குப் போகும் ரொட்டியில் ஒரு யூதக் குழு ஆர்சனிக் விஷம் தடவியது. சுமார் இரண்டாயிரம் பேர் நோயில் விழுந்தார்கள். யாரும் செத்ததாகத் தகவல் இல்லை.

கோர்ட்டுக்குப் போனவர்கள் பட்ட பாட்டைத்தான் நான் தொடராகப் பார்க்க விரும்புவேன். 1963 முதல் 65 வரை ஃபிராங்க்ஃபர்ட்டில், ஆஷ்விட்ஸில் வேலை பார்த்தவர்கள் மேல் நடந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணமான அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவர், ஹிட்லர் காலத்தில் முகாமில் கிடந்த யூதர். யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் அர்ஜென்டினாவில் இருப்பதாகத் துப்புக் கிடைத்தபோது, சொந்த நாட்டு அதிகாரிகளை நம்பாமல் இஸ்ரேலுக்குச் சொன்னவர். வழக்கில் சாட்சி சொன்னவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர்கள். முகாமில் வேலை பார்த்தார் என்றால் போதாது, இன்னார் இந்தக் கொலையைச் செய்தார் என்று காட்டு என்றது கோர்ட். கடிகாரமோ காலண்டரோ இல்லாமல் கிடந்தவர்களிடம் தேதி என்ன, நேரம் என்ன என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைந்தார்கள். கடைசியில் இருபது பேரில் ஆறு பேருக்கு ஆயுள், மூவர் விடுதலை.

டிவி தொடரால் நீதிக்கு எதுவும் ஆகாது என்று சொல்லவில்லை. ஒரு யூத டாக்டர் குடும்பத்தின் அழிவைச் சொன்ன 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரை 1978இல், ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட எழுத்தாளர் எலி வீசல் கடுமையாகச் சாடினார். மறு ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் அதை சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். டிவி நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் போன். நாஜி காலக் கொலைகளுக்கு வழக்குப் போடுவதற்கான காலவரம்பு அந்த ஆண்டோடு முடியவிருந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் அந்த வரம்பையே நீக்கியது. தொடர் மட்டும் காரணமல்ல, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. 2015இல் ஆஷ்விட்ஸில் கைதிகளின் பணத்துக்குக் கணக்கு எழுதிய 94 வயது ஆஸ்கர் குரோனிங்குக்குத் தண்டனை கொடுக்க முடிந்தது அந்தத் திருத்தத்தால்தான். நான்கு ஆண்டு. சிறைக்குப் போகுமுன் செத்துப்போனார்.

தாமதம் என்று கோபம் வருகிறதா? நியாயம். அதை ஹிட்லர் ஆட்சியிலும் பதவி வகித்துவிட்டு, 1950களிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்து வழக்குப் போடாமல் காலம் தள்ளியவர்கள் மேல் காட்டுங்கள். கோர்ட் படியேறிய சாட்சிகள் மேல் அல்ல.