புள்ளி நகரவில்லை என்றால் பறவை செத்துவிட்டதா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். சேட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் கட்டிய ஒரு செங்கால் நாரையை என் மாணவர்கள் செல்போன் செயலியில் பல மாதங்களாகப் பின்தொடர்கிறார்கள். மூன்று வாரமாக அதன் புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது. "செத்துப்போச்சா?" என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். திட்டத்தாருக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இதற்கிடையே இணையத்தில் ஒருவர், "உங்களிடம் உள்ள விவரத்தை எல்லாம் அனுப்புங்கள், அந்த ஊரில் ஆள் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் செலவாகும்" என்கிறார். இனிமேல் நாங்களே ஒரு பறவைக்குக் கட்டிப் பார்க்கலாம் என்று கருவியும் விற்கிறாராம். அவரை நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அந்த ஆளுக்கு மறுமொழிகூட அனுப்பாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நாரையைக் கவனிப்போம்.

செயலியில் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தேதியும் நேரமும் இருக்கும். இடத்தை விட அதுதான் முக்கியம். தேதி மூன்று வாரம் பழையதா, அல்லது நேற்று இன்று வந்ததா? பழையது என்றால், நாரை அங்கேயே நிற்கிறது என்று பொருளில்லை. அந்த நாளுக்குப் பிறகு தகவல் வரவில்லை, அவ்வளவுதான். நாரை இந்நேரம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருக்கலாம். தேதி புதியதாகவும் இடம் மட்டும் மாறாமலும் இருந்தால்தான் கவலைப்பட ஏதாவது இருக்கிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே சிவப்புப் புள்ளியாகக் காட்டும் வரைபடங்களை யார்தான் வடிவமைக்கிறார்களோ! கடைசியாகத் தகவல் வந்த நாளைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் போடமாட்டார்கள். பறவைக்குப் பெயர் வைத்து, படம் எடுத்து, பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும்போது இருக்கும் உற்சாகம் ஆறு மாதம் கழித்து இருப்பதில்லை. பின்தொடரும் பிள்ளைகள் அம்போ என்று நிற்கவேண்டியதுதான்.

சரி, தேதி பழையது என்றே வைத்துக்கொள்வோம். சேட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் என்று எல்லாரும் பொதுவாகச் சொன்னாலும், நாரை போன்ற பெரிய பறவைகளின் முதுகில் இப்போது பெரும்பாலும் இருப்பது செல்போன் கோபுரத்தை நம்பி வேலை செய்யும் கருவி. தான் எங்கே இருக்கிறோம் என்பதை அது ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொள்ளும். ஜிபிஎஸ் ஒருவழிப் பாதை, அதில் எதையும் திருப்பி அனுப்ப முடியாது. தெரிந்துகொண்டதை நமக்குச் சொல்வதற்காக உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். கோபுரம் இல்லாத பாலைவனத்திலோ சதுப்பு நிலத்திலோ பறவை இருந்தால், கருவி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும்.

2019-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த மின் என்ற ஸ்டெப்பிக் கழுகு, கோடை முழுவதையும் கஜகஸ்தானில் சிக்னல் கிடைக்காத இடத்தில் கழித்தது. அங்கிருந்து அது நேராக ஈரானுக்குப் போய், சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான குறுஞ்செய்திகளையும் அதிகக் கட்டணத்தில் அங்கிருந்து அனுப்பியது. திட்டத்தின் பணம் காலி. பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், அப்புறம் செல்போன் நிறுவனம் கடனைத் தள்ளுபடி செய்தது. பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கோடை முழுவதும் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு மின் ஒரு நகராத புள்ளிதான், ஆனால் கழுகு நன்றாகவே இருந்தது.

சேட்டிலைட்டுக்கே நேராகப் பேசும் கருவிகளும் உண்டு. அவை ஆர்கோஸ் என்ற அமைப்பைப் பயன்படுத்துகின்றன, 1978 முதல் இயங்கிவருவது. சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் சேட்டிலைட், பறவை இருக்கும் பகுதியைக் கடந்து போகும் சில நிமிடங்களில்தான் சிக்னல் போய்ச் சேரும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது ஒரு மாதிரியும் விலகும்போது ஒரு மாதிரியும் சைரன் கேட்கும் அல்லவா, அதுபோல் சிக்னல் மாறுவதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். நன்றாக அமைந்தால் பிழை 250 மீட்டருக்குள் இருக்கும், அமையாவிட்டால் பல கிலோமீட்டர். பறவை கடலில் விழுந்துவிட்டது என்று பதறி வரும் கடிதங்களில் பாதி இந்தப் பிழையால் வருபவை. 5 கிராம் எடையுள்ள சின்னச் சூரிய ஒளிக் கருவிகளை, 10 மணி நேரம் பேசிவிட்டு 48 மணி நேரம் மின்னேற்றத்துக்காக அடங்கியிருக்கும்படி அமைப்பதும் வழக்கம். மேகமூட்டம், சூரியத் தகட்டை மூடிய இறகு என்று ஏதாவது வந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். போதாக்குறைக்குப் பல நாடுகளில் பழைய 2ஜி, 3ஜி சேவைகளை மூடிவிட்டார்கள். அவற்றை மட்டுமே நம்பிச் செய்த கருவி, பறவை உயிரோடு இருக்கும்போதே ஊமையாகிவிடும்.

இந்த மௌனங்களில் கெட்டதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவி, பேட்டரி குறையாமல், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று நின்றால் ஆய்வாளர்கள் சந்தேகப்படுவார்கள். ஸ்காட்லாந்தில் 2004 முதல் 2016 வரை கருவி கட்டிய 131 பொன்னிறக் கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய விதத்தில் மறைந்துபோனதாக 2017-ல் வெளியான ஆய்வறிக்கை சொன்னது. 2016-ல் மறைந்த ஒரு கழுகின் கருவி நான்கு வருடம் கழித்து ஓர் ஆற்றங்கரையில் கிடைத்தது. கருவியைப் பறவையின் உடலோடு கட்டியிருந்த பட்டை அறுக்கப்பட்டு, சிக்னல் வெளியே போகாதபடி ஈயத் தகட்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் இப்படி ஒரு முடிவுக்கு வர பேட்டரி அளவு, வெப்பநிலை, கடைசி நாட்களின் அசைவு எல்லாம் வேண்டும். உங்கள் செயலி அவற்றைக் காட்டாது. ஆகவே வகுப்பில் மரண அறிவிப்பு வேண்டாம்.

இனி, தேதி புதியது, இடம் மட்டும் மாறவில்லை என்ற நிலைமை. பறவை இறந்திருக்கலாம் என்பது இங்கே நிஜமான சாத்தியம். 2018 நவம்பரில் மணிப்பூரில் கருவி கட்டி விடப்பட்ட, 'மணிப்பூர்' என்றே பெயரிட்ட அமுர் வல்லூறு சில நாட்களிலேயே வேட்டைக்குப் பலியானது. கருவி இருந்த இடத்தை வைத்துத்தான் உடலைத் தேடி எடுத்தார்கள். இறந்த பறவையின் முதுகில் சூரியத் தகடு வானத்தைப் பார்த்துக் கிடந்தால், கருவி பாட்டுக்கு வாரக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கும். பட்டை இற்றுக் கருவி மட்டும் கழன்று விழுந்தாலும் வரைபடத்தில் அதே காட்சிதான்.

ஆனால் ஒரு விதிவிலக்கை நான் வலியுறுத்தியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆர்வலர்கள் மறுபடி மறுபடி சறுக்குகிறார்கள். அது அடைகாக்கும் பறவை. செங்கால் நாரை ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாக்கும், அதன் பிறகு குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மூன்று மாதம் அதன் உலகமே அந்தக் கூடும் பக்கத்து வயல்களும்தான். வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே புள்ளி. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாப்பதால், பகலில் சில புள்ளிகள் கூட்டிலும் சில புள்ளிகள் இரை தேடும் இடங்களிலும் சிதறியிருக்கும். இறந்த பறவையோ விழுந்த கருவியோ என்றால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே இருக்காது. எல்லாப் புள்ளிகளும் சில மீட்டர் சுற்றளவுக்குள் குவிந்து கிடக்கும் (அசையாத ஜிபிஎஸ்கூட அந்தச் சில மீட்டர் தடுமாறும், அதை நடை என்று நினைக்காதீர்கள்). ஒரு நாளைக்கு ஒரே ஒரு புள்ளியைத்தான் செயலி காட்டுகிறது, அதுவும் இரவில் எடுத்தது என்றால், உயிரோடு இருக்கிற பறவையும் செத்த பறவை மாதிரியே தெரியும். ஆகவே புள்ளிகள் எந்த நேரத்தில் எடுத்தவை என்பதையும் பாருங்கள். அடுத்து, இப்போது எந்த மாதம், நாரை எங்கே இருக்கிறது, அதன் வயது என்ன? ஐரோப்பாவில் வசந்த காலம், நாரைக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் என்றால் கூடு என்பதுதான் முதல் ஊகம். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் நாரை என்றால் அந்த ஊகம் பொருந்தாது. கூடாக இருந்தால் அங்கே ஆள் போய் நின்றுகொண்டிருப்பதைப் போல் கெடுதல் வேறில்லை. பெரிய பறவை எழுந்து பறக்கும், முட்டை குளிரும், குஞ்சுகளைக் காக்கை பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்த உபகாரிக்கு வருகிறேன். பொதுமக்களுக்கான வரைபடங்களில் பல திட்டங்கள் வேண்டுமென்றே இடத்தைக் கொஞ்சம் மாற்றியும், சில நாட்கள் தாமதமாகவும் காட்டுகின்றன. மேலே சொன்ன அறுத்தெறியப்பட்ட பட்டைதான் காரணம். கருவி கட்டிய விலங்கு எங்கே இருக்கிறது என்பது விலைபோகும் தகவல். 2013-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில், கழுத்துப்பட்டை அணிந்த ஒரு புலியின் இருப்பிடம் வந்து சேரும் மின்னஞ்சல் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள். முகம் தெரியாத ஒருவர் உங்களிடம் உள்ள விவரத்தை எல்லாம் கேட்கிறார் என்றால், ஒன்று அவர் காசை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் சாதாரண ஏமாற்றுக்காரர், அல்லது அதைவிட மோசமானவர். மூன்றாவது வகையை நான் பார்த்ததில்லை. பறவையைத் தத்தெடுங்கள், மாதச் சந்தா கட்டுங்கள் என்று வருபவர்களிடமும் உஷார். எந்த ஆய்வு நிறுவனம், யார் அனுமதி கொடுத்தார்கள், தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேளுங்கள். உண்மையான திட்டம் என்றால் மூன்றுக்கும் தயங்காமல் பதில் வரும். பல திட்டங்களின் தரவு மூவ்பேங்க் என்ற தளத்தில் இருக்கும், அங்கே தேடிப் பார்ப்பது உங்களுக்கும் எளிது.

அவர் விற்கும் கருவியைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. நாய்க்கும் சைக்கிளுக்கும் கட்டுகிற சாதனத்தை 'பறவை சேட்டிலைட்' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பறவையின் எடையில் 3 சதவீதம், அதிகம் போனால் 5 சதவீதம், அதற்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது ஆய்வாளர்கள் பின்பற்றும் வரம்பு. விளம்பரத்தில் சொல்லும் எடையில் பட்டையும் பசையும் சேராது என்பது இவர்களின் வழக்கமான வித்தை. சரியாகச் செய்தால் என்ன முடியும் என்பதற்கு 2022-ல் ஒரு 5 கிராம் கருவியோடு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள், 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்த, பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையே சாட்சி. அதற்கு ஐந்து மாத வயதுதான். தவறாகக் கட்டிய பட்டை இறக்கையின் அடியைத் தேய்த்துப் புண்ணாக்கும். காட்டுப் பறவையைப் பிடிக்கவும் கருவி கட்டவும் அனுமதியும் பயிற்சியும் கட்டாயம். பயிற்சி பெற்றவர்களே அந்த அனுமதிக்காக ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டு, வலசைக் காலமே கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைச் சட்டச் சிக்கலுக்குத்தான் கூட்டிப்போகிறார்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். திட்டத்தின் பொதுவான முகவரிக்கு எழுதாமல், அந்தப் பறவையின் பக்கத்தில் பெயர் இருக்கும் ஆய்வாளருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ எழுதுங்கள். பறவையின் பெயர் அல்லது எண், கடைசியாகத் தகவல் வந்த தேதி, இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். கேள்விகள் மூன்று போதும்: கருவி செல்போன் வகையா ஆர்கோஸ் வகையா, கடைசி நாளில் பேட்டரி எப்படி இருந்தது, அசைவு உணரி கடைசியாக என்ன சொன்னது? பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதத்தையும் கூட இணைத்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும், வெட்கப்படாமல் செய்யுங்கள். தேதி புதியது, இரவும் பகலும் புள்ளி அசையவே இல்லை என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த ஊரில் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்ல வேண்டியது, கடைசியாக எந்தத் தேதியில் நாரையிடமிருந்து தகவல் வந்தது என்பதை. பலகையில் எழுதிப் போடுங்கள். மறுபடி தகவல் வந்தால் அந்தத் தேதியை அவர்களே மாற்றி எழுதட்டும்.