தக்காளிச் சட்னியில் பச்சை வாடை ஏன்?

கேள்வி: இட்லிக்குத் தக்காளிச் சட்னி அரைத்தால் பச்சை வாடை அடிக்கிறது. தட்டில் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது, நிறமும் வெளிறிப்போகிறது. மகளின் டிபன் பாக்ஸில் வைத்தால் மதியத்துக்குள் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. நாலு தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், ஆறு வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் ஒன்றாக வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைக்கிறேன். எங்கே தப்பு?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதுதான் முதல் தப்பு. அந்த அரை டம்ளர் தண்ணீர் இரண்டாவது.

நீங்கள் சொல்லும் பச்சை வாடை பெரும்பாலும் தக்காளியுடையது அல்ல, வெங்காயத்துடையது. புளிப்பு சேர்ந்துவிட்டால் வெங்காயம் சீக்கிரம் வேகாது. தக்காளியோடு சேர்த்துப் போட்டால் அரைவேக்காடாகவே நிற்கும். அதை மிக்ஸியில் அரைத்ததும் காரமான வாடை கிளம்பும், சில சமயம் லேசாகக் கசக்கவும் செய்யும். அதனால் வெங்காயம் முழுக்க வதங்கிய பிறகே தக்காளி போட வேண்டும்.

நாலு பேருக்கு 400 கிராம் தக்காளி போதும். நாட்டுத் தக்காளி என்றால் புளியே வேண்டாம். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. சுண்டைக்காய் அளவு புளி சேருங்கள். காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும் காயை எடுக்காதீர்கள். காம்படியில் இருக்கும் வெள்ளைத் தண்டை அரிந்து எறிந்துவிடுங்கள், அது எவ்வளவு வதக்கினாலும் கரையாது. பெரிய வெங்காயத்துக்குப் பதில் சின்ன வெங்காயம் 100 கிராம் போட்டுப் பாருங்கள், ருசியே வேறு.

வாணலியில் மூன்று டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு இரண்டையும் சிறு தீயில் வறுங்கள். பருப்பு பொன்னிறத்துக்குத் திரும்பும்போதுதான் மிளகாய் ஐந்தாறு போட வேண்டும். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். மிளகாய் உப்பி வந்ததும் எல்லாவற்றையும் எடுத்து ஆற வையுங்கள். அதே எண்ணெயில் நாலு பல் பூண்டு, வெங்காயம், அரை டீஸ்பூன் கல் உப்பு போட்டு வதக்குங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி ஓரம் சிவக்கும். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதற்குப் பிறகே தக்காளி (புளி போடுவதானால் அதுவும் இப்போது).

இங்கே அவசரப்படாதீர்கள். மூடி போடாமல், நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதலில் தக்காளி தண்ணீர் விட்டுத் தளதளவென்று கொதிக்கும். பலர் இந்த இடத்தில்தான் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் பிறகு தட்டில் பிரிந்து ஓடுகிறது. தோல் சுருண்டு, சதை மசிந்து, கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து, ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். இரும்பு வாணலியைத் தவிர்த்துவிடுங்கள். புளிப்பு பட்டு சட்னி கறுத்து இரும்பு வாடை ஏறும்.

நன்றாக ஆறிய பிறகே அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி அடைபட்டு மூடி தூக்கி அடிக்கும், கை வெந்துவிடும். முதலில் பருப்பையும் மிளகாயையும் தனியாகக் கொரகொரவென்று பொடித்துக்கொண்டு, பிறகு தக்காளி விழுதைச் சேர்த்து விட்டுவிட்டு நாலைந்து சுற்று சுற்றினால் போதும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிட்டால் காற்று கலந்து நுரைத்து, சட்னி வெளிறிப்போகும். உங்கள் சட்னி நிறம் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிவப்பு இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் மிளகாயில் இரண்டைக் காஷ்மீரி மிளகாயாக மாற்றுங்கள். தண்ணீர் விடாதீர்கள். மிக்ஸி சுற்றவில்லை என்றால் இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீர், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினால் காலை இட்லிக்குத் தயார். உப்பை இப்போது ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

டிபன் பாக்ஸுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். தாளித்த வாணலியிலேயே சட்னியைக் கொட்டி, சிறு தீயில் மூன்று நாலு நிமிடம் கிளறிச் சுருட்டுங்கள். முழுக்க ஆறிய பிறகு, ஈரமில்லாத டப்பாவில் அடையுங்கள். சூடாக மூடினால் ஆவி மூடியில் வேர்த்துச் சட்னியிலேயே சொட்டும், கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். தேங்காய் சேர்க்கும் பழக்கம் இருந்தால், பள்ளிக்குக் கொடுக்கும் சட்னியில் அதை விட்டுவிடுங்கள்.