ஆங்கிலத்தை 'நேட்டிவ்' ஆசிரியரிடம் படித்தால்தான் நன்றாக வருமா?

இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் படித்துத் தேறியவர்களும் உண்டு, ஆறு மாதம் பணம் கட்டிவிட்டு எதுவும் பிடிபடாமல் வந்தவர்களும் உண்டு. நான் 14 வருடமாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் தாய்மொழி தமிழ். இந்தக் கேள்வியோடுதான் என் பிழைப்பே நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். 25 நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முடிந்ததும், பார்த்துக்கொண்டிருந்தவர் மனம்விட்டுப் பாராட்டினார். அப்புறம் மீதி விவரங்களை நிரப்ப ஒரு இணைப்பு வந்தது. அதில் 'குடியுரிமை' என்ற கட்டத்தைத் தட்டினால் ஏழு நாடுகளின் பெயர் மட்டும் இறங்கியது. 'மற்றவை' என்றுகூட ஒரு வரி இல்லை. கேட்டு எழுதினேன். "எங்கள் வாடிக்கையாளர்கள் நேட்டிவ் ஸ்பீக்கரைத்தான் எதிர்பார்க்கிறார்கள், தவறாக நினைக்க வேண்டாம்" என்று பதில் வந்தது. தவறாகத்தான் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஏழு நாடுகள் எவை தெரியுமா? அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கு இ-2 என்று ஒரு விசா உண்டு. அதுவும் பொதுவாக இதே ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். அங்கே தனியார் பயிற்சி நிலையத்தில் சேர எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும். அதாவது, நிலவியல் படித்துவிட்டு ஒரு நாள்கூட வகுப்பில் நின்றிராத கனடாக்காரருக்குக் கதவு திறக்கும். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்து, கல்வியியலில் பட்டமும் வாங்கிய நைஜீரியாக்காரருக்குத் திறக்காது. இதில் மொழி எங்கே இருக்கிறது? பாஸ்போர்ட்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் தானாக முளைத்ததும் இல்லை. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சொல்லித்தர வேண்டும், அதற்குச் சிறந்த ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்பது போன்ற நம்பிக்கைகள் அங்கே கிட்டத்தட்டக் கொள்கையாகவே உறைந்துபோயின. ராபர்ட் ஃபிலிப்சன் என்ற மொழியியலாளர் 1992இல் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாமே தவறான அனுமானங்கள் என்று எழுதினார். இந்தப் பாகுபாட்டுக்கு 'நேட்டிவ் ஸ்பீக்கரிசம்' என்ற பெயரை ஏட்ரியன் ஹாலிடே என்ற ஆய்வாளர் 2005 வாக்கில் பரவலாக்கினார். நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரான மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா, உலகில் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்ல என்று 1999இலேயே எழுதியிருக்கிறார். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நாங்கள்தான், விளம்பரத்தில் மட்டும் எங்களுக்கு இடமில்லை.

சரி, தமிழை வைத்தே யோசித்துப் பாருங்கள். தமிழ் படிக்கும் ஒருவர் உங்களிடம் வந்து, "நட என்றால் நடந்தேன், படி என்றால் படித்தேன், எழுது என்றால் எழுதினேன், ஏன் இப்படி மாறுகிறது?" என்று கேட்கிறார். "வேலை முடிந்தது, வேலையை முடித்தேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்கிறார். நீங்கள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட இதில் தப்பு செய்ததில்லை. ஆனால் உடனே விளக்க வருமா? நம்மில் பலர் "அது அப்படித்தான்" என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அவர் மொழியில் இதே நிலையில்தான் இருக்கிறார். சொல்லித்தரும் வேலையை அவரும் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

என்னிடம் ஒரு செவிலியர் படித்தார். அவரும் தமிழ்தான். அதற்கு முன் ஆறு மாதம் ஒரு நேட்டிவ் ஆசிரியரிடம் படித்தவர். 'ஐ ஹேவ் மெட் ஹிம் யெஸ்டர்டே' என்று எழுதுவார். "இது தப்புன்னு அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார் மேடம், ஏன்னு கேட்டா காதுக்குச் சரியா இல்லைன்னு சொல்வார்" என்றார். அவர் காதுக்குச் சரியாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காது இந்தப் பெண்ணிடம் இல்லையே, அவர் என்ன செய்வார்?

நான் தமிழில் ஆரம்பித்தேன். "நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். "இப்போது அதில் நேற்று என்று சேருங்கள்." நேற்று நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்... பாதியிலேயே நிறுத்திவிட்டார். "நேத்து போனேன்னுதானே சொல்லணும்" என்றார். அதேதான். எப்போது நடந்தது என்று நாள் குறித்துவிட்டால் தமிழிலும் 'போயிருக்கிறேன்' ஒட்டாது. அதே மாதிரிதான் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஐ ஹேவ் மெட்' ஒட்டாது, 'ஐ மெட்' என்றுதான் வரும். இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகாது என்பதையும் சொன்னேன். ஆனால் உள்ளே போக அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த வாரம் எழுதிய கட்டுரையில் மூன்று இடத்தில் தானே அடித்துத் திருத்தியிருந்தார். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நேட்டிவ் ஆசிரியர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மிக அருமையான ஆசிரியர். அவர் வளர்ந்த பிறகு வேறொரு மொழியைப் போராடிக் கற்றவர், அதனால் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று அவருக்குத் தெரியும். ஒரு சொற்றொடர் இயல்பாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இன்றும் அவரைத்தான் கேட்பேன். அவர் என்னிடம் இலக்கணம் கேட்பார். ஆனால் ஒரே வகுப்பறை, ஒரே பாடம், என்னைவிட அனுபவம் குறைவு, சம்பளம் மட்டும் என்னைவிட அதிகம். அதை அவரே எனக்காக நிர்வாகத்திடம் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992இல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரே உரையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும் சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு உரை புரிந்ததும் குறைவு. இதைப் படித்தபோது, என் குரலைக் கேட்பதற்கு முன்பே, படத்தை மட்டும் பார்த்துவிட்டு வேறு ஆசிரியர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

"உச்சரிப்புக்காவது நேட்டிவ் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் பேசுகிறவர்கள்தான் இன்று உலகில் அதிகம். அவர்கள் தங்களுக்குள் பேசும்போது எங்கே புரியாமல் போகிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 2000இல் எழுதினார். குறில் நெடில் மாறினால் குழப்பம் வருகிறது: 'ஷிப்' கப்பல், 'ஷீப்' ஆடு. 'திங்க்' என்பதன் முதல் ஒலியை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. ஆனால் பல பயிற்சி வகுப்புகளில் அந்த நாக்குக்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி. நானும் ஆரம்ப வருடங்களில் வராத உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு வகுப்பு எடுத்திருக்கிறேன். வாயில் கவனம் போனதில் எதிரே இருந்தவரின் குழப்பம் கண்ணில் படாமல் போயிற்று. அந்த மாணவர்களை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

ஆசிரியராக இருந்து இந்தக் கேள்வியைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று: ஆங்கில ஆசிரியர்களின் பெரிய அமைப்பான டீசால் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து 1991இலும் 2006இலும் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 1998இல் அதற்குள்ளேயே எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு குழுவை உருவாக்க முன்நின்றவர் ஜார்ஜ் பிரெய்ன், இலங்கைக்காரர். 'நேட்டிவ் மட்டும்' என்று விளம்பரம் பார்த்தால் அந்த அறிக்கையைக் குறிப்பிட்டு நான் பதில் எழுதுகிறேன். சில இடங்களில் விளம்பரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

படிக்கப் போகிறவர் என்றால், மாதிரி வகுப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பாருங்கள், நீங்களா ஆசிரியரா? அப்புறம் அந்தச் செவிலியரின் வாக்கியத்தையே எழுதிக் காட்டி, ஏன் தப்பு என்று கேளுங்கள். அவர் விளக்கிய பிறகு அதே மாதிரி வேறொரு வாக்கியத்தை நீங்களே திருத்த முடிந்தால், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தாராளமாகச் சேருங்கள்.