தம்பிக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம். ஊரில் இருக்கும் 22 வயதுத் தம்பிக்குப் பிறவியிலேயே ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். சின்ன வயதிலிருந்து வீட்டில் பணம் என்றால் முதலில் அவனுக்குத்தான். நான் எதையும் கேட்டதில்லை. இப்போது மாதம் 25,000 அனுப்புகிறேன். கையில் சேமிப்பு இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கிறது. எனக்கென்று சேர்க்க நினைத்தாலே குற்ற உணர்ச்சி. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சேமித்தே ஆக வேண்டும், தம்பிக்காகவும்தான். இன்று உங்கள் வேலை போனால் அடுத்த மாதமே அவர் வைத்தியமும் ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் அந்த 25,000 எங்கே போகிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஹீமோஃபிலியாவில் பெரிய செலவு, ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசிதான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது இலவசம். தம்பி அங்கே பதிவு செய்திருந்தால், உள்ளே ரத்தம் கசிந்து முட்டி வீங்கும் நாளில் ஆட்டோ, பஸ் செலவு, பிசியோதெரபி, கூடப்போகும் அப்பாவுக்கு அன்றைக்கு விட்டுப்போகும் கூலி, இவ்வளவுதான் மிச்சம். இப்படிப்பட்ட வீடுகளில் மளிகைக் கடன், சீட்டுப் பணம் எல்லாமே 'தம்பி வைத்தியம்' கணக்கில் சேர்ந்துவிடும். யாரும் ஏமாற்றுவதில்லை, பல வருடப் பழக்கம்.

கணக்கு தெரிந்ததும் வைத்தியத்துக்குத் தனியாக, வீட்டுக்குத் தனியாக அனுப்புங்கள். வைத்தியத் தொகையில் கை வைக்க வேண்டாம். வீட்டுத் தொகையில்தான் குறைக்க இடமிருக்கும். மிச்சமாவதை, ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யில் போடுங்கள். அம்மாவை நாமினியாக வைத்து 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசியும் (உங்களுக்கு ஏதாவது ஆனால் மட்டும் வீட்டுக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள்.

தம்பியின் சிகிச்சைக்கு வருமான வரியில் 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், ஆனால் பழைய வரிமுறையில் மட்டும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதனால் அதை விடுங்கள்.

மாதாமாதம் அனுப்பும் தொகையை மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று: அம்மா கேரியராக, அதாவது அந்த நோயின் மரபணுவைச் சுமப்பவராக இருந்தால் நீங்களும் கேரியராக இருக்க 50 சதவீதம் வாய்ப்பு உண்டு. ரத்தவியல் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பேச்சில் தம்பியையும் உட்கார வையுங்கள். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகி, வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு படிப்போ பயிற்சியோ அவர் கேட்டால், அந்தப் பணத்தை மட்டும் யோசிக்காமல் கொடுங்கள்.