அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பில் என்னதான் படிக்கிறார்கள்?

உங்கள் மகன் தினமும் வந்து "பாட்டுப் பாடினோம், குச்சி கட்டினோம், டீச்சர் கதை சொன்னாங்க" என்கிறான், நோட்டில் பாதிப் பக்கம் காலி, வீட்டுப்பாடமும் கிடையாது, அப்படியானால் அங்கே என்ன படிக்கிறான், ட்யூஷன் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 17 வருடமாகச் சின்ன வகுப்புகள் எடுக்கிறேன். என் வகுப்பு வாசலில் நின்று நிறைய அம்மாக்கள் இதையே கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுப்பாடம் தராதது டீச்சரின் அக்கறைக் குறைவு இல்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம், இந்தப் பாட்டும் கதையும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வருபவை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய, 2022ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கினார்கள், பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட அவனுக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அரும்பில் இருக்கலாம், அது அவமானம் இல்லை, பெற்றோர் தயவுசெய்து அதை ரேங்க் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். நாமெல்லாம் அ, ஆ தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்தவர்கள். என் வகுப்பில் ஒரு பையன் அப்படித்தான் வந்தான், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்வான், பலகையில் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் என் முகத்தைப் பார்ப்பான். வரிசை மனப்பாடம், ஆனால் எழுத்தைத் தனியாகப் பார்த்தால் அதன் ஒலி வரவில்லை. அதனால் நான் ப, ட, ம மூன்றையும் முதலில் எடுத்து, புள்ளி வைக்கவும் சொல்லிக்கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான், படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் அவனே படித்துவிடுவான். முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தையைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் பெரிய பாடு உயிர்மெய்தான். ஆகாரத்துக்குத் துணைக்கால் ஒன்று போதும், கா, சா, பா என்று ஓடிவிடும். உகரத்துக்கு அப்படி ஒரே குறி இல்லை. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து வேறு, மு வேறு. 'கெ' எழுதக் கொம்பை முதலில் போட வேண்டும், ஆனால் வாயில் க் முதலில் வருகிறது, எ பின்னால் வருகிறது. கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை. ஏழு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தலைக்குள் சரிசெய்துகொண்டிருக்கிறான், நோட்டில் அது தெரியாது. பாட்டில் 'கொக்கு', 'கொய்யா' திரும்பத் திரும்ப வருவதும் இதற்காகத்தான். (வீட்டில் பாட்டி எழுதச் சொல்லிக்கொடுத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை வைத்த பழைய உருவத்தில் எழுதுவார்கள். அது தப்பே இல்லை, ஆனால் பிள்ளை இரண்டுக்கும் நடுவே குழம்பிப்போகிறான்.)

அந்தக் குச்சிகள்தான் கணக்கு. "நூற்று ஐந்து எழுது" என்றால் பாதி வகுப்பு 1005 என்று எழுதும். கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள், முதலில் நூறு, அப்புறம் ஐந்து. திட்டினால் திருந்தாது. பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு என்று அவன் கையாலேயே கட்டினால், நூற்று ஐந்துக்குப் பெரிய கட்டு ஒன்று, சின்னக் கட்டு எதுவும் இல்லை, உதிரி ஐந்து. அந்த 'எதுவும் இல்லை'க்குத்தான் நடுவில் சுழியம் என்று அப்போது அவனுக்கே விளங்கும். கழித்தலும் அதே மாதிரி. நாம் பக்கத்து எண்ணிடம் 'கடன் வாங்கி'க் கழித்தோம், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. இவர்கள் 32ல் 15ஐ எடுக்க ஒரு கட்டைப் பிரித்து உதிரியாக்குகிறார்கள். தமிழில் எண்களின் பெயரும் கொஞ்சம் படுத்தும். எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு, அதில் 'நூறு' மாதிரி கேட்கிறது, எத்தனையோ பிள்ளைகள் அங்கே நின்றுவிடுவார்கள்.

எல்லா நாளும் இப்படி நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்தான். இன்னொருவர் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பையும் நானே பார்க்க வேண்டும், அன்று குச்சி வெளியே வராது, பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டிருப்பேன். அந்த நாட்கள் எனக்கு வலிக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? "இன்னிக்கு என்ன எழுதினே" என்று கேட்காதீர்கள். டீச்சர் சொன்ன கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், முன்பின் மாறாமல் சொல்கிறானா என்று கேளுங்கள். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுத்து எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொன்றாக எண்ணுகிறானா, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறானா என்று பாருங்கள், பத்தாகக் குவித்தால் குச்சி வேலை செய்திருக்கிறது. பேருந்து வரும்போது பலகையை அவனையே படிக்க விடுங்கள், திணறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள்.

ட்யூஷன் இப்போது வேண்டாம். மூன்றாம் பருவம் தொடங்கியும் 'பட்டம்', 'கொடி' போன்ற சின்னச் சொற்களை எழுத்துக்கூட்டியாவது படிக்க வரவில்லை என்றால், நேராக அவன் டீச்சரைப் போய்ப் பாருங்கள். எத்தனை மார்க் என்று கேட்க வேண்டாம், எந்த எழுத்தில் நிற்கிறான் என்று கேளுங்கள். அதை வீட்டில் பத்து நிமிடம் நீங்களே பழக்கலாம்.