1,78,000 கி.மீ. ஓடிய போர்ஷே 911: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 44. குடும்பத்துக்கு ஒரு ஆர்ஏவி4 இருக்கிறது. வெகுநாள் ஆசையான போர்ஷே 911 இப்போதுதான் கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2003 கரேரா, ஆறு கியர் மேனுவல், 1,78,000 கி.மீ., தனிநபர் விற்கிறார், விலை 28,000 டாலர். பில்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. 1,21,000-ல் கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறது, ஐஎம்எஸ் பேரிங் மாற்றிய பில் இல்லை. இரண்டாவது 2004 கரேரா, அதுவும் மேனுவல், 61,000 கி.மீ., டீலரிடம் நிற்கிறது, 39,000 டாலர், பில்கள் அதிகம் இல்லை. அதிகம் ஓடிய காரைத் தொடவே தொடாதே என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நான் முதல் காரின் பக்கம். ஆனால் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கார் சில சோதனைகளைத் தாண்ட வேண்டும். காரின் விலை போக உங்கள் கையில் பத்தாயிரம் டாலராவது மிஞ்ச வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் என் பதில் மாறிவிடும்.

நீங்கள் பார்த்திருக்கும் இரண்டுமே 996 தலைமுறை. 911 வரிசையில் முதன்முதலாகத் தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினுடன் வந்தது இதுதான். 2002 மாடலிலிருந்து 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர். 911-களில் இது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று யோசித்திருப்பீர்கள். முகப்பு விளக்கு பிடிக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு, அது ரசனை. விலையை உண்மையில் இறக்கியது நீங்கள் குறிப்பிட்ட அந்த ஐஎம்எஸ் பேரிங்.

எஞ்சினுக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குச் செயின் வழியாகக் கொடுக்கிற ஒரு இடைத்தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) இருக்கிறது. அதன் ஒரு முனையை, கிளட்ச் பக்கத்தில், சீல் வைத்த ஒரு சின்ன பால் பேரிங் தாங்குகிறது. உள்ளே கிரீஸ் அடைத்தே வரும். வருடங்கள் போகப்போக சீல் தளர்ந்து, எஞ்சின் ஆயில் உள்ளே புகுந்து அந்தக் கிரீஸைக் கழுவிவிடுகிறது. அப்புறம் பேரிங்குக்கு ஒழுங்கான கிரீஸும் கிடையாது, தாராளமான ஆயிலும் கிடையாது. அது நொறுங்கினால் டைமிங் தவறும், பிஸ்டன் வால்வுகளில் மோதும், எஞ்சின் முடிந்தது. நல்ல கடையில் எஞ்சினைப் பிரித்துக் கட்டினால் காரின் விலைக்குப் பக்கத்தில் வரும், தாண்டவும் செய்யும். அமெரிக்காவில் இதற்காக நடந்த கூட்டு வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த இழப்பீட்டுக்கான காலம் எப்போதோ போய்விட்டது, அதை நம்ப வேண்டாம். வழக்கிலிருந்து பரவலாக எடுத்துச் சொல்லப்படும் கணக்குப்படி, உங்கள் இரண்டு கார்களிலும் இருக்கும் ஒற்றை வரிசை பேரிங் நூறில் எட்டு முதல் பத்து கார்களில் பழுதாகியிருக்கிறது. பெரும்பாலானவை பழுதாகவில்லை என்பதும் அதே கணக்குத்தான்.

உங்கள் நண்பர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த பேரிங்குக்குக் கிலோமீட்டரை விடக் கெடுதல், நிறுத்தி வைப்பது. வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடி, குளிர்காலம் முழுக்க கராஜில் நிற்கும் காரில், ஈரமும் அமிலமும் சேர்ந்த பழைய ஆயிலில் பேரிங் ஊறிக்கொண்டிருக்கும். வாரா வாரம் ஹைவேயில் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய கார் அதிகம் ஓடியிருந்தாலும் ஆரோக்கியமாக இருப்பதைத்தான் இந்த எஞ்சினில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 61,000 கி.மீ. காரை இருபது வருடத்துக்கு மேல் பங்கிட்டுப் பாருங்கள், வருடத்துக்கு மூவாயிரம்கூட வராது. ரப்பர் சீல், கூலண்ட் குழாய், டயர் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழடாகும். அந்த டீலர் காரின் டயர் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். டயரையே மாற்றாதவர் மற்றதையெல்லாம் மாற்றியிருப்பாரா? பில்லும் அதிகம் இல்லாத நிலையில், 11,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது மீட்டரில் உள்ள ஒரு எண்ணை மட்டும்தான்.

சரி, முதல் காருக்கு வருவோம். 1,21,000-ல் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். பேரிங் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அப்போதே மாற்றியிருந்தால் பாகத்தின் விலையும் கொஞ்சம் கூடுதல் கூலியும்தான். ஆனால் மாற்றியதற்குப் பில் இல்லை. ஆக, இப்போது இருப்பது பழைய பேரிங் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால் முதல் வேலையாக கியர்பாக்ஸை இறக்கி, பேரிங், பின்பக்க மெயின் சீல், கிளட்ச் மூன்றையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். சில ஆயிரம் டாலர் ஆகும். பேரம் பேசும்போது அந்தத் தொகையைத்தான் முன்னால் வைக்க வேண்டும். பெயின்டில் கீறல் இருக்கிறது என்று ஐநூறு டாலர் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

பேரிங்கை மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது சிலிண்டர் சுவர், எனக்கு அதுதான் பெரிய கவலை. 3.6 லிட்டர் எஞ்சினில், அதுவும் குளிர்ப் பிரதேசத்தில் ஓடியதில், சிலிண்டரின் உள்சுவரில் பிஸ்டன் உரசிக் கோடு விழுவது தெரிந்த பிரச்சினை. எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஒரு பக்கம் மட்டும் டக்-டக் என்று தட்டும். ஆயில் குறைந்துகொண்டே வரும். இரண்டு புகைக்குழாய்களில் ஒன்றின் உட்புறம் மற்றதைவிடக் கரியாக இருக்கும். விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் உறுதியாகத் தெரிய ஒரே வழி கேமராவை சிலிண்டருக்குள் விட்டுப் பார்ப்பது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்த்தால் சுவரின் மேல்பகுதி தெரியும். கோடு பெரும்பாலும் அடிப்பகுதியில் விழுவதால், ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தட்டை) கழற்றிக் கீழிருந்து பார்ப்பதே நல்லது. ஆறு சிலிண்டரையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோடு இருந்தால் இந்தக் கார் வேண்டாம், எந்த விலைக்கும் வேண்டாம்.

இந்தச் சோதனையை விற்பவருக்குத் தெரிந்த கடையில் செய்யாதீர்கள். 996 எஞ்சினைத் திறந்து பழகிய தனியார் போர்ஷே ஸ்பெஷலிஸ்ட் ஒருவரை நீங்களே பிடியுங்கள். சில நூறு டாலர் ஆகும், சம்ப்பைக் கழற்றினால் கூடும். அதே இடத்தில் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பு மடிப்பாக விரிக்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான இரும்புத் துகள் இருந்தால் பேரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு, செயின் உரசும் தாங்கியிலிருந்து வருவது. ஒன்றிரண்டு இருந்தால் இந்த வயதுக்குச் சகஜம், நிறைய இருந்தால் கேள்வி கேளுங்கள்.

காரின் கம்ப்யூட்டரில் சோதனைக் கருவியைச் செருகும்போது இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள். ஒன்று எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரம். கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 4,000 மணி என்றிருந்தால் மணிக்கு 45 கி.மீ. அளவு, பாதியாவது ஹைவேயில் ஓடிய கார். 7,000 மணி என்றால் 25 கி.மீ.தான் வருகிறது: ஒன்று நெரிசலிலேயே காலம் தள்ளியிருக்கிறது, அல்லது மீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மற்றது ஓவர்-ரெவ் பதிவு. நாலாவது கியர் போட வேண்டிய இடத்தில் தவறி இரண்டாவதைப் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். கம்ப்யூட்டரால் தடுக்க முடியாது, பதிவு மட்டும் செய்து வைக்கும். அந்தப் பதிவு எத்தனை முறை தீப்பொறி போட்டது என்ற எண்ணிக்கையில் இருக்கும், அதனால் பார்ப்பவர் பயந்துவிடுவார். 8,000 ஆர்பிஎம்மில் ஒரு விநாடிக்கே 400 பொறி. எனவே 300 என்ற எண் முக்கால் விநாடித் தவறுதான். அது எத்தனையாவது மணியில் நடந்தது என்பதும் அதில் இருக்கும். 1,200-வது மணியில் நடந்து, இப்போது 4,000 ஆகியிருந்தால் எஞ்சின் அதை எப்போதோ தாங்கிவிட்டது. போன வாரம் நடந்ததென்றால் நான் ஒதுங்கிவிடுவேன்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் ஓரிரு விநாடி செயின் சத்தமும் ஒரு சின்ன புகை மூச்சும் வருவது சிலிண்டர்கள் படுத்தவாக்கில் இருக்கும் இந்த எஞ்சினுக்கு இயல்பு. தெருவையே மறைக்கிற வெள்ளைப் புகை என்றால் ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் செப்பரேட்டர் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தூக்குவது. லேசாக உறிஞ்சினால் சரி. இரண்டு கையால் இழுக்க வேண்டியிருந்தால் செப்பரேட்டர் செலவைக் கணக்கில் சேருங்கள். ஓட்டும்போது இரண்டாவது கியரில் நன்றாக ஏற்றிவிட்டுச் சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். கிளட்ச் பெடல் கல்லாகக் கனத்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, எப்படியும் மாற்றப்போகிறோம்.

வாட்டர் பம்ப், கூலண்ட் டேங்க், இக்னிஷன் காயில் இவை மூன்றும் இந்தக் காரில் தேய்ந்தால் மாற்றும் சாமான்கள். ஃபைலில் பில் இல்லாவிட்டால் வாங்கியபின் செய்துகொள்ளலாம். முன் பம்பரின் இரண்டு ஓரத் துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர் முன்னால் காய்ந்த இலைகள் மக்கிக் கிடந்தால், அந்த ஈரமும் உப்பும் ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் அரித்துக்கொண்டிருக்கும்.

ஒன்டாரியோ உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 911-ன் உடல் துத்தநாகம் பூசிய எஃகு, அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது. துரு பிடிப்பது பிரேக் குழாய்களும் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளும். லிஃப்டில் ஏற்றாமல் அவை தெரியாது. போல்ட் துருவேறித் தலை உடைந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும், கூலியும் அப்படியே.

காகித விஷயம் சுருக்கமாக. தனிநபர் விற்கும்போது யூவிஐபி என்ற அரசாங்கத் தகவல் தொகுப்பை விற்பவர்தான் தர வேண்டும். அதில் பழைய உரிமையாளர்கள் வரிசையும், காரின்மேல் கடன் நிலுவை உண்டா என்பதும் இருக்கும். பில்களில் உள்ள தேதியும் கிலோமீட்டரும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று உட்கார்ந்து பாருங்கள். தனிநபரிடம் வாங்கினாலும் பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி உண்டு: 28,000-க்கு 3,640 டாலர். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சேஃப்டி சர்டிஃபிகேட் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் நல்லது, அவ்வளவுதான். பிரேக், விளக்கு, டயர் போன்றவற்றைத்தான் அது சொல்லும், எஞ்சின் நிலைமையைச் சொல்லாது.

பத்தாயிரம் கையில் மிஞ்சாது, 28,000-க்கே கடன் வாங்க வேண்டும் என்ற நிலை என்றால் இந்தக் காரை விட்டுவிடுங்கள். அதே மாதிரி பின்சக்கர இழுவை, மேனுவல் கியர், இரண்டு கதவு வேண்டும் என்பவருக்கு டொயோட்டா 86 இருக்கிறது. கனடாவில் 2016 வரை சையன் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றார்கள். அதில் 2013 மாடல் பார்த்தால் வால்வு ஸ்பிரிங் ரீகால் வேலை ஒழுங்காக முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள். 911 தரும் அந்த பின்எஞ்சின் உணர்வு அதில் வராது. ஆனால் மாதக் கடைசியில் தூக்கம் வரும்.

இன்ஷூரன்ஸுக்கு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காரின் அடையாள எண்ணான வின் எண்ணைச் சொல்லி புரோக்கரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். ஸ்காபரோ முகவரிக்கு வரும் தொகை சிலரை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. குளிர்காலத்தில் காரை கராஜில் நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதங்களுக்கு ரோட்டில் ஓட்டும் காப்பீட்டை நிறுத்தி, திருட்டு, தீ போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். அப்படி நிறுத்துவதாக இருந்தால் நவம்பரில் புது ஆயில் ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். ஏப்ரல் வரை பழைய ஆயிலோடு நிற்க வேண்டாம்.