மெக்சிகோ நகரத்தின் தெருச்சந்தைகளை ஒரு பயணி எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

ஒரு வாரம் மெக்சிகோ நகரத்தில் இருக்கப் போகிறேன், அங்கே திறந்தவெளி உணவுச் சந்தைகளைப் பார்க்க எங்கிருந்து தொடங்குவது, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன். நானும் சைவம்தான்.

பெயர் பெற்ற சந்தைகளைப் பட்டியல் போட்டு ஓடாதீர்கள். நீங்கள் தங்கும் இடத்தில் இறங்கியதும், பக்கத்துத் தெருவில் எந்தக் கிழமை 'தியாங்கிஸ்' கூடுகிறது என்று கேளுங்கள். வாரச்சந்தைக்கு அங்கே அதுதான் பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் பேசிய நாவாட்டில் மொழிச் சொல். அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஐந்து நாளைக்கு ஒருமுறை சந்தை கூடுமாம். இன்றைய மெக்சிகோ நகரத்துக்குள் இருக்கும் த்லதெலோல்கோ சந்தையில் தினமும் 60,000 பேருக்கு மேல் வாங்கி விற்றார்கள் என்று அந்த நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தேஸ் 1520இல் ஸ்பெயின் மன்னருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் காலையில் ஒரு தெருவை மறித்துக் கம்பி நட்டு, இளஞ்சிவப்புத் தார்ப்பாய் கட்டிக் கடை போடுகிறார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அங்கே வெறும் தெருதான் இருக்கும். கொண்டேசா பகுதியில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தை என் இருப்பிடத்துக்குப் பக்கம்.

அங்கே நம் ஊர்க்காரருக்கு ஒரு தனி அனுபவம் காத்திருக்கிறது. முதல் கடையிலேயே சப்போட்டாவைப் பார்த்தேன். 'சீகோசபோத்தே' என்றார் கடைக்காரர். நம் 'சப்போட்டா' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான், பழத்தின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம், தக்காளி, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம்மிடம் வந்தவை. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் காய்ந்த மிளகாயை மட்டுமே பத்துப் பதினைந்து வகையாகக் குவித்து வைத்திருந்த கடை முன்னால் நின்றபோதுதான் அது மனதில் இறங்கியது. கறுத்துச் சுருங்கியது, உலர்திராட்சை வாசம் அடிப்பது, புகை போட்டது, கண்ணாடி போல மினுங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனிக் குழம்பு. நாம் காரத்துக்காக ஏற்றுக்கொண்ட பொருளை அவர்கள் மணத்துக்காகவும் வளர்த்திருக்கிறார்கள்.

காய்கறிக் கடைகளிலும் நிதானமாக நில்லுங்கள். தோட்டத்து ஓரத்தில் முளைக்கும் சொடக்குத் தக்காளி தெரியும் அல்லவா? அதன் பெரிய உறவு ஒன்று, பச்சையாக, காகிதம் போன்ற உறைக்குள் குவிந்திருக்கும். பச்சைச் சட்னி அதில்தான். சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி அடுக்கியிருப்பார்கள், வெண்டைக்காய் போல வழுவழுப்பு, லேசான புளிப்பு. பருப்புக்கீரை கட்டுக்கட்டாக இருக்கும். தண்டுக்கீரை இனத்து விதையைப் பொரித்துப் பாகில் போட்டு, நம் கடலை மிட்டாய் போல வில்லை போடுகிறார்கள். 'அலெக்ரியா', அதாவது மகிழ்ச்சி என்று அதற்குப் பெயர். பறங்கிப்பூவை மட்டும் மறந்துவிடாதீர்கள். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கிற அதே மஞ்சள் பூவை அங்கே கட்டுக்கட்டாக விற்கிறார்கள், சமைப்பதற்கு.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். சந்தையின் ஒரு முனையில் தோசைக்கல் போன்ற 'கொமால்' முன்னால் அநேகமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு. அந்தச் சுண்ணாம்பு கலந்த வாசம் தூரத்திலிருந்தே வழிகாட்டும். நீலச்சோள மாவில் அவரையோ பீன்ஸோ மசித்து உள்ளே வைத்துத் தட்டிச் சுட்டு, மேலே கள்ளித்துண்டும் பாலாடைக்கட்டியும் தூவித் தரும் 'த்லகோயோ' எனக்கு மதிய உணவாகவே ஆகிவிட்டது. சோள ரொட்டியை மடித்து உள்ளே பறங்கிப்பூ வைத்த கேசடியாவும் அப்படித்தான். இந்த நகரத்தில் கேசடியா என்றால் பாலாடைக்கட்டி தானாக வந்துவிடாது, வேண்டுமென்றால் 'கோன் கேசோ' என்று சொல்ல வேண்டும்.

ஆனால் கவனம். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது அங்கே சாதாரணம், அதனால் 'சின் மந்தேக்கா', அதாவது கொழுப்பு இல்லாமல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக் கோழி வைத்துவிடலாம், ஆகவே 'சின் போயோ', கோழி இல்லாமல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் இரண்டு நாள் கண்ணெதிரே கல்லில் சூடாக வெந்ததையும் தோல் உரித்த பழத்தையும் மட்டும் சாப்பிடுங்கள், குடிக்கப் பாட்டில் தண்ணீர். நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வந்த அன்றே வெயிலில் அலைந்தால் மூச்சு வாங்கும்.

பெரிய சந்தை ஒன்றாவது பார்க்க வேண்டும் என்றால் லா மெர்செத். மெட்ரோ நிலையத்தின் ஒரு வாசல் நேராகச் சந்தைக்குள்ளேயே திறக்கிறது. 1957இல் கட்டிய பெரிய கூடம் நடுவில், சுற்றியுள்ள தெருக்களெல்லாம் கடை. 1982இல் நகரத்தின் இஸ்தபலாபா பகுதியில் சென்ட்ரல் தே அபாஸ்தோ என்ற புதிய மொத்தச் சந்தை திறக்கும் வரை நகரத்துக்கே மொத்தச் சந்தை இதுதான். காலையிலேயே போய்விடுங்கள், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மூட்டை வண்டிக்காரர்கள் 'ஆய் வா எல் கோல்பே' என்று கத்திக்கொண்டு வந்தால் உடனே ஒதுங்க வேண்டும், அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. அக்டோபர் கடைசியில் போகிறீர்கள் என்றால் ஹமைக்கா பூச்சந்தைக்கும் போங்கள். முன்னோரை நினைத்து நவம்பர் தொடக்கத்தில் கொண்டாடும் இறந்தோர் நாளுக்காகத் துலுக்கச் சாமந்தி மலைமலையாக வந்து இறங்கும். அதுவும் அந்த மண்ணின் பூதான்.

பணம் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், 500 பெசோ நோட்டைக் காலையிலேயே நீட்டினால் பாவம், அவர்களிடம் மாற்று இருக்காது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்களே பழத்தை அரிந்து கத்தி நுனியில் நீட்டி 'புருவேபெலே' என்பார்கள், சுவைத்துப் பாருங்கள் என்று. வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வெண்ணெய்ப்பழம் விற்கும் ஓர் அம்மா 'இன்றைக்கா, நாளைக்கா?' என்று கேட்பார், அதற்கேற்ப ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தருவார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை நான் வாய் திறக்கும் முன்பே இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று எடுத்துப் பையில் போட்டார். மேலே ஒரு கொத்து கொத்தமல்லியை வைத்து 'பிலோன்' என்றார். விலை கேட்டேன், கையை ஆட்டிவிட்டார். கொசுறு.